பெயர்ப்பலகை உள்ள மரங்கள், முகவரி இல்லாத மனிதர்கள்: பேராதனைத் தோட்டத்தை நாம் எப்படிப் பார்ப்பது?

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் கண்டி தவறாமல் இருக்கும். கண்டி என்றால் முதலில் தலதா மாளிகை. அடுத்து, அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் அளவில் இருக்கும் பேராதனைத் தாவரவியல் பூங்கா. மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைந்து ஓட, நடுவில் 147 ஏக்கர் பச்சை. வரிசை பிசகாத பனையினங்கள், பர்மாவிலிருந்து வந்த ராட்சத மூங்கில், செஷல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய், பெரிய புல்வெளியில் குடை விரித்து நிற்கும் ஜாவா அத்தி. அழகான இடம்தான். அந்த அழகை மறுக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் அங்கே சொல்லப்படும் வரலாறு அரசர்களிடம் தொடங்கி, வெள்ளைக்கார அதிகாரிகள் வழியாக வந்து, உலகத் தலைவர்கள் நட்ட மரங்களில் முடிந்துவிடுகிறது. அந்தத் தோட்டம் எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்த வேலையைத் தங்கள் முதுகில் சுமந்த மக்களின் பெயர் அதில் இல்லை. அந்த மக்களில் பெரும்பகுதியினர் நம் சேரிகளிலிருந்து போனவர்கள். ஆகவே நாம் அந்தத் தோட்டத்தை வேறு மாதிரி சுற்றிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில் பெயர்ப்பலகைகளைப் பார்ப்போம். மரங்களில் பலகை தொங்குகிறது. அறிவியல் பெயர், குடும்பம், தாயகம் எல்லாம் எழுதியிருக்கிறது. தலைவர்கள் நட்ட மரங்களுக்கோ நட்டவர் பெயரும் தேதியும் சேர்ந்தே இருக்கும். பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னராகப் பட்டம் சூடியவர் 1901இல் மனைவியோடு வந்து ஒரு நாகலிங்க மரம் நட்டார். விண்வெளிக்குப் போய்வந்த யூரி ககாரின் 1961இல் ஒரு மரம் நட்டார். இவர்களுக்காகக் குழி வெட்டியவர் யார், மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றியவர் யார் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. நாட்டில் எந்தப் பெரிய கட்டடத்துக்கும் இதே கதைதான் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். பேராதனையில் அப்படி நகர முடியாது. காரணம், இது வெறும் பூங்கா அல்ல.

அடிமைத் தீவில் தொடங்கியது

பேராதனைக்கு முன்பே இலங்கையில் ஆங்கிலேயர் ஒரு தாவரவியல் தோட்டம் அமைத்திருந்தார்கள். ஜோசப் பேங்க்ஸ் என்ற புகழ்பெற்ற இங்கிலாந்துத் தாவரவியலாளரின் ஆலோசனையின் பேரில் 1810இல் கொழும்பில் அது தொடங்கப்பட்டது. லண்டன் அருகே இருக்கும் கியூ தோட்டத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். இடம், இன்று நாம் கொம்பனித்தெரு என்று சொல்லும் பகுதி. ஆங்கிலத்தில் அதற்கு அடிமைத் தீவு என்று பெயர். டச்சுக் கம்பெனி தன் அடிமைகளை இரவில் கொண்டுபோய் அடைத்துவைத்த இடம் அது.

பிறகு தோட்டம் களுத்துறைக்கு மாறியது. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் பேராதனைக்கு வந்தது. கண்டி அரசு வீழ்ந்தது 1815இல். அடுத்து எழுந்த கிளர்ச்சியை 1818இல் நசுக்கினார்கள். மூன்றே ஆண்டுகளில், கண்டி மன்னர்களின் அரச தோட்டமாக இருந்த நிலத்தில் தாவரவியல் தோட்டம் எழுந்தது. மலைநாட்டைப் பிடித்தாயிற்று, இனி அங்கே எதைப் பயிரிட்டால் காசு வரும் என்ற கேள்விக்கு விடை தேடும் நாற்றங்கால்தான் பேராதனை.

விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களிலேயே தோட்டத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும் கன்னொறுவையில் தன் சொந்தக் கோப்பித் தோட்டத்தைத் திறந்தார். ஊரை ஆளுகிறவரே தோட்ட முதலாளி. 1839இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து அசாம் தேயிலை வந்தது. 1861இல் கொயினா மருந்து தரும் சின்கோனா வந்தது. அதற்காகவே நுவரெலியா அருகே ஹக்கலையில் ஒரு கிளைத் தோட்டம் திறக்கப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பிப் பயிரே அழிந்தபோது, அதன் இடத்தைப் பிடிக்கத் தேயிலை தயாராக இருந்தது. ஒரு பயிர் செத்தால் இன்னொன்று. முதலாளிக்குப் பெரிய இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டது இந்தத் தோட்டம்தான்.

செடி வந்த விதம், ஆள் வந்த விதம்

1876இல் ரப்பர் வந்த கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சம். அந்தக் கன்றுகளில் 1,919ஐ 38 கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். வார்ட் பெட்டி என்று அதற்குப் பெயர். உப்புக் காற்று படாது, உள்ளே ஈரம் காயாது, வெளிச்சம் மட்டும் விழும். கன்றுகளைக் கவனித்துக்கொள்ளக் கப்பலில் ஒரு தோட்டக்காரரும் கூடவே வந்தார். எத்தனை கன்று ஏறியது, எத்தனை பிழைத்தது என்று கணக்கு எழுதப்பட்டது. அதனால்தான் 1,919 என்ற எண்ணை இன்றைக்கும் நாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

அந்தச் செடிகளையும் கோப்பியையும் தேயிலையையும் வளர்க்க வந்த மனிதர்கள் எப்படி வந்தார்கள்? திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், ராமநாதபுரம், புதுக்கோட்டை ஊர்களிலிருந்து கால்நடையாகக் கடற்கரைக்கு வந்தார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளை வரை மறுபடியும் நடை. குடிதண்ணீர் இல்லை, தங்குமிடம் இல்லை, காய்ச்சலும் வாந்திபேதியும் கூடவே நடந்தன. விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1,919 கன்றுகளுக்குக் கணக்கு எழுதிய அதே அரசு, இந்தப் பாதையில் செத்தவர்களின் பெயர்களை எழுதிவைக்கவில்லை.

இந்தப் பாதையைத்தான் 2023 ஜூலை, ஆகஸ்டில் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். முன்னோர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்த அந்த நடைபயணத்துக்கு 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நினைவுச் சின்னத்தை அரசு வைக்காதபோது மக்கள் தங்கள் கால்களாலேயே அதை வைத்தார்கள்.

வெள்ளைக்காரன் மட்டும்தானா?

இந்த இடத்தில் பெரும்பாலான தமிழ் எழுத்துகள் நின்றுவிடும். வெள்ளைக்காரன் ஏமாற்றிக் கொண்டுபோனான், தமிழன் கண்ணீர் வடித்தான் என்று முடித்துவிடுவார்கள். நாம் அங்கே நிற்க முடியாது. எந்தத் தமிழன் என்று கேட்டாக வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1843இல் சட்டப்படி அடிமை முறைக்கு அங்கீகாரத்தை நீக்கியது. ஆனால் தஞ்சையிலும் திருச்சியிலும் பண்ணையாள், படியாள் முறை அப்படியே இருந்தது. நிலம் மேல்சாதியிடம். குடியிருக்கும் மனைக்கட்டும் மிராசுதாருடையது. மழை பொய்த்தால் முதலில் பட்டினி கிடப்பது சேரி. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சத்தில் அதைத்தான் கண்டோம். இப்படி ஏற்கெனவே நிலமற்றவர்களாக ஆக்கப்பட்ட பறையர், பள்ளர், சக்கிலியர்தான் மலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர். தோட்ட முதலாளிக்கு இவ்வளவு மலிவான உழைப்பைத் தயாரித்துக் கொடுத்தது சாதி. பேராதனையில் செடிக்கான நாற்றங்கால் இருந்தது போல, ஆளுக்கான நாற்றங்கால் காவிரிக் கரையில் இருந்தது.

சாதி ஊரோடு நின்றுவிடவும் இல்லை. கங்காணி முறை வழியாக அது கப்பலேறியது. பெரிய கங்காணிகளில் பலர் இடைநிலை, மேல்சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார்கள். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்திடமிருந்து தனியாகத் தலைக்காசு வாங்குவார்கள். தோட்டம் மாறவேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்ப்பவர் அழைத்துப் போகலாம் என்று எழுதிய சீட்டு அது. மனிதரை விற்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

லயங்களிலும் சாதி வரிசை பார்த்தே குடியமர்த்தினார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் எழுப்பத் தப்பு அடிக்கவேண்டும். அதை அடிப்பவர் யார் என்பதை ஊரில் தீர்மானித்த சாதியே தோட்டத்திலும் தீர்மானித்தது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை கங்காணிக்கு. தேயிலைத் தோட்டங்களில் சாதி எப்படித் தொடர்ந்தது என்பதையே பொருளாகக் கொண்டு ஆர். ஜெயராமன் எழுதிய ஆய்வு நூல் 1975இல் வந்தது. அரை நூற்றாண்டு ஆகியும் நம் பொதுப்பேச்சில் அது ஏறவில்லை. மலையகத் துயரத்தைப் பேசுவோம், மலையகச் சாதியைப் பேசமாட்டோம் என்ற ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறது.

தகரத்தில் ஓர் எண்

மரத்துக்குத் தகட்டில் பெயர் பொறித்துத் தொங்கவிடும் வழக்கத்தைப் பேராதனையில் பார்க்கிறோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதர்களுக்கும் ஒரு தகடு கொடுத்தார்கள். தகரச் சீட்டு முறை என்று பெயர். வட்டமான சிறு தகடு. அதில் தோட்டம் இருக்கும் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்து, தோட்டத்தின் பதிவு எண், தொழிலாளியின் எண். அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றுவார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். ஆளின் பெயருக்கு அதில் இடமில்லை. மரத்தின் தகட்டில் அதன் தாயகம் எழுதியிருக்கும், மனிதரின் தகட்டில் அவர் போய்ச்சேர வேண்டிய தோட்டம் மட்டும்தான்.

ராமேஸ்வரம் அருகே மண்டபத்தில் ஒரு முகாம் கட்டி, தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே நிறுத்தி நோய்ச் சோதனை செய்தார்கள். அதே மண்டபம் முகாம் பிற்காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களையும், போருக்குத் தப்பி வந்த அகதிகளையும் அடைத்தது. போகும்போதும் வரும்போதும் ஒரே வாசல்.

மரத்திடம் யாரும் பாட்டனைக் கேட்பதில்லை

தாவரவியல் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. ரப்பரின் அறிவியல் பெயரில் பிரேசில் இருக்கிறது. தேயிலையின் பெயரில் சீனம் இருக்கிறது. கோப்பியின் பெயரில் அரேபியா இருக்கிறது. யாரும் இவற்றை அந்நியச் செடி என்று வேலிக்கு வெளியே பிடுங்கிப் போடவில்லை. 'சிலோன் டீ' என்ற பெயரில் அந்தச் சீனத்துச் செடி இலங்கையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அந்தச் செடியை வளர்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று? 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களைத் தனியாகப் பிரித்து 'இந்தியத் தமிழர்' என்று பதிந்தார்கள். விடுதலை கிடைத்த கையோடு, 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தானா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? அதற்குச் சான்று எங்கே? லயத்தில் பிறந்தவர்களிடம் கேட்ட கேள்வி இது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

அப்போது தமிழ்த் தலைமை என்ன செய்தது என்பதையும் மறக்க வேண்டாம். குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய அதே 1948இல் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்துபோய்த் தனிக்கட்சி கண்டதற்கு இதுவும் ஒரு காரணம். கூலிகள் என்றும், கீழ்ச்சாதிகள் என்றும் பார்க்கப்பட்ட மக்களின் உரிமை, பேரம் பேசும்போது முதலில் கைவிடக்கூடிய ஒன்றாகவே இருந்தது.

1950 மே மாத இறுதியில் பாபாசாகேப் அம்பேத்கர் கண்டிக்கு வந்தார். உலக பௌத்தர்களின் மாநாடு அங்கே நடந்தது. அந்தப் பயணத்தில் கொழும்பில் பேசும்போது, இலங்கையில் வாழும் தீண்டப்படாத மக்கள் பௌத்தத்தை ஏற்கவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் பேசிய நாளில், கண்டியைச் சுற்றிய மலைகளில் இருந்த அந்த மக்கள் நாடற்றவர்களாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. சமத்துவத்தைப் போதித்த புத்தரின் பெயரால் பெருமை கொண்ட ஓர் அரசுதான் அதைச் செய்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கு வசதியாக இருக்காது. ஆனாலும் பார்த்தாக வேண்டும். மதம் எதுவானாலும், குடியுரிமையும் நிலமும் இல்லாமல் விடுதலை இல்லை என்பதை அந்த மலைகள் நமக்குச் சொல்கின்றன.

பிடுங்கி நட்டவர்கள்

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேர் கணக்கில் இருந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. நாற்றங்காலில் கன்றைப் பிரித்தெடுப்பவர்கூட வேர் அறுந்துவிடாமல் மண்ணோடு சேர்த்து எடுப்பார். இங்கே அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் அறுந்தன.

திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்று டான்டீ என்று சொல்கிறோமே, அதுதான். தாயகம் திரும்பியோர் என்பது அரசு வைத்த பெயர். ஊரார் வைத்த பெயர் சிலோன்காரர். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். இதில் நம் மக்களுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. இலங்கை ஆவணங்களில் சாதி இருக்காது; அதனால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், பூர்வீக ஊர் எது, அங்கே உறவினர் யார், ஆதாரம் எங்கே என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ஒடுக்கும்போது சாதிக்குச் சான்று தேவைப்படவில்லை; உரிமை கேட்கும்போதுதான் தேவைப்படுகிறது. போதாதற்கு 2022இல், நட்டத்தைக் காரணம் காட்டி, டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டது. அரை நூற்றாண்டு அந்த மண்ணில் உழைத்தவர்கள் மறுபடியும் எங்கே போவது என்று கேட்கிறார்கள்.

இலங்கையில் தங்கியவர்களில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல் சட்டம் வழியாகக் குடியுரிமை கிடைத்தது. 55 ஆண்டு கழித்து! ஆனால் இன்றும் ஏராளமான குடும்பங்கள் லயத்து அறைகளில்தான் வாழ்கின்றன. சொந்தக் காணி இல்லை. வீட்டுக்கென்று தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கைமாறித்தான் வந்துசேரும். வேலைக்கான நேர்முகக் கடிதம் தாமதமாக வந்து வாய்ப்பை இழந்த பிள்ளைகளின் கதைகளை மலையகத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். பேராதனையில் ஒவ்வொரு மரத்தையும் பாத்தி சொல்லிக் கண்டுபிடித்துவிடலாம். அதன் பயனை மலையெங்கும் விளைவித்த மனிதரைக் கண்டுபிடிக்கத் தோட்டத்துரையின் வாசலில் நிற்க வேண்டும்.

நாம் கேட்பது

தோட்டத்தைப் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. போங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ரப்பர், தேயிலை, கோப்பி, சின்கோனா என்ற நான்கு பெயர்களை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவை எந்த ஆண்டு வந்தன என்பதோடு, அவற்றுக்காக யார் எந்த வழியில் நடந்து வந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். நேரமிருந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொறுவையைக் காட்டுங்கள். ஆளுநரின் கோப்பி அங்கேதான் வளர்ந்தது.

இலங்கை அரசிடம் கேட்கவேண்டியது இரண்டு. ஒன்று, மன்னர்களுக்கும் தலைவர்களுக்கும் பலகை வைத்திருக்கும் அந்தத் தோட்டத்தில் மலையக மக்களின் உழைப்புக்கும் ஒரு பலகை, மூன்று மொழிகளிலும். இரண்டு, அதைவிட முக்கியமானது: லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணியும், வீடும், தபால்காரர் நேரே வந்து கதவைத் தட்டும் முகவரியும்.

தமிழ்நாடு அரசிடம் கேட்கவேண்டியதும் உண்டு. தாயகம் திரும்பிய தலித் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழை இழுத்தடிக்காமல் கொடுக்கவேண்டும். டான்டீ தொழிலாளர்கள் குடியிருக்கும் வீட்டையும் மனையையும் அவர்கள் பெயருக்கே பட்டா போடவேண்டும். 'தொப்புள்கொடி உறவு' என்று மேடையில் பேசுகிறவர்கள், கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் ஒரு தடவை போய்வந்துவிட்டுப் பேசட்டும்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மலையகம் பற்றிய பேச்சில் சாதியைப் பேசினால் ஒற்றுமை கெடும் என்று வாயை மூடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தப்பு அடித்து எழுப்பப்பட்ட விடியல்களில் அந்த ஒற்றுமை எங்கே இருந்தது என்று அவர்களிடம் கேட்போம்.

ஜெய்பீம்.